கடையை மட்டும் அழித்தல்

வெள்ளவத்தை
30.06.2008

ஜெகதீஸ்வரிக்கு,

நீர் ஹெந்தளைக்கு உம்முடைய அப்பா வீட்டுக்குப் போய் மூன்று கிழமை. அப்பாவின் நெஞ்சுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தொலைபேசி எடுத்திருக்கலாமே என்று நீர் நினைக்கக்கூடும். எடுத்தால் ஒன்றில் அழுவோம், இல்லாவிட்டால் சண்டை பிடிப்போம். இடையில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தெரியாது. கடிதம் என்றால் எழுதியதை வெட்டித் திருத்தலாம். இதுவே மூன்றாவது தாள்.

யோகன் கொட்டாஞ்சேனைக்குக் கேக் கொடுக்கப் போய் இன்றோடு நாற்பது நாள். கிராண்ட்பாஸில் மோட்டார் சைக்கிளை மறித்து, ஒரு வானின் கதவைத் திறந்து அவனை உள்ளே ஏற்றியதைப் பார்த்த ஆட்கள் உண்டு. பார்த்தோம் என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

இன்று விசாரணை அலுவலகத்தில் ஓர் அதிகாரி என்னை இருக்கச் சொன்னார். மரியாதையாகத்தான் கதைத்தார். மேசையில் உங்களுடைய இணையத்தளத்தின் பக்கங்கள் அச்சடித்துக் கிடந்தன. ஆள் இல்லாத கடைக்கு இன்னமும் வெளிநாட்டுக்காரர் ஏன் பணம் கட்டுகிறார்கள் என்று சிங்களத்தில் கேட்டார். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகள் இங்கே இருக்கிற தாய் தகப்பனுக்குக் கேக்கும் அரிசியும் பால்மாவும் அனுப்பும் கடை, அவ்வளவுதான் என்று நான் விளக்கினேன். அவர் தலையாட்டினார். பிறகு, "முதலில் அந்தக் கடையை எடுத்துவிடுங்கள் அம்மா. பிறகு மகனைப் பற்றிப் பேசலாம்" என்றார்.

பேசலாம் என்று ஒருவர் சொன்னது இந்த நாற்பது நாளில் இதுதான் முதல் தடவை.

ஆகவே கேட்கிறேன். கடையை மட்டும் எடுத்துவிடும். "கொடுத்துவிட்டு வந்தேன்" என்று அவன் எழுதிய குறிப்புகள் இருக்கட்டும். பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிச்சாலையை மூடுவதற்கு வகுப்பறைகளைப் பூட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் சாமானைக் கொடுத்த பிறகு, அந்தத் தாய் தகப்பன் எப்படி இருந்தார்கள் என்று வெளிநாட்டுப் பிள்ளைக்காகப் பத்து வரி எழுதி வைத்தானே, அவை அவனுடைய கையெழுத்துப் போல எனக்கு.

அன்று குசினியில் நான் சொன்னது உமக்கு மறந்திருக்காது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

சிவக்கொழுந்து


ஹெந்தளை
04.07.2008

மாமிக்கு,

மறக்கவில்லை. "உன்ர கடைதான் என்ர பிள்ளையைத் திண்டது." இதுதான் நீங்கள் சொன்னது. ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கடை என்னுடைய யோசனைதான். அவர் சும்மா எழுதிக்கொண்டிருந்த தளத்தில் கடையைக் கொண்டுவந்து பொருத்தியவள் நான். ஆனால் அந்தக் கடையில் வந்ததைத்தான் மூன்று பேரும் சாப்பிட்டோம். உங்களுக்கும் அது தெரியும்.

எல்லாவற்றையும் சேர்த்து அழித்துவிடத்தான் எனக்கு விருப்பம். அந்தத் தளத்தைத் திறக்கும்போதெல்லாம் மேலே அவருடைய படம் வருகிறது. ஆனால் நீங்கள் கேட்டபடி செய்கிறேன். அவருக்காக.

வேலை இதுதான். இந்தத் தளம் நாங்களே உள்ளே போய்ப் பக்கம் எழுதவும் மாற்றவும் கூடிய வகை. கடை அதில் ஒரு தனிச் சேர்க்கை. அதைக் கழற்றினால் கூடை, விலைகள், பணம் கட்டும் பக்கம் எல்லாம் போய்விடும். இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

ஒன்று, "வாங்க" என்ற பொத்தான். கடை தந்த பொத்தானில் தமிழ் சரியாக வராததால், ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் அவர் கையால் தட்டிப் போட்டது. உங்களுக்கு நினைவிருக்கும். "ஓடர் செய்ய" என்று போடுங்கோ என்று நான் சொன்னேன். "வாங்க எண்டா சாமான் வாங்க. கொட்டாஞ்சேனைப் பக்கம் வாங்க எண்டா உள்ளுக்க வாங்க. ஒரு சொல்லுக்கு ரெண்டு வேலை, ஒரு சம்பளம்" என்று சிரித்தார். அது தமிழ் இல்லை என்று நீங்கள் அவரோடு சண்டை பிடித்தீர்கள். அந்தச் சொல் நூற்று நாற்பத்து மூன்று குறிப்பிலும் கிடக்கிறது. கடை போனாலும் அது தானாகப் போகாது.

இரண்டு, ஓடர் பட்டியல். யார் அனுப்பினார்கள், யாருக்கு, எந்த விலாசம், எத்தனை மணிக்கு என்று எல்லாம் அதில் இருக்கிறது. அதை எடுத்து எங்கேயாவது வைக்கவா, அழிக்கவா? நீங்கள் சொல்லுங்கள்.

ஜெகா


வெள்ளவத்தை
08.07.2008

ஜெகாவுக்கு,

நீர் கேட்ட கேள்வியோடு இரண்டு நாள் இருந்தேன்.

அழித்துவிடும். அந்தப் பட்டியல் அவர்கள் கைக்குப் போனால் லொட்ஜ் லொட்ஜாக ஏறி இறங்குவார்கள். மகள் பிறந்தநாளுக்கு அனுப்பிய கேக்கை வாங்கிச் சாப்பிட்ட பாவத்துக்கு எழுபது வயது மனிசி வாக்குமூலம் கொடுக்கப் போக வேண்டிவரும். வீசாவுக்காக வந்து கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் காத்திருக்கிற சனம். கொழும்பில் தங்கப் பொலிஸ் தருகிற பதிவுத் துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்கிற சனம்.

கரும்பலகையைக் கையால் துடைத்தால் எழுத்து மங்கலாகத் தெரியும். பின்னுக்கு இருக்கிற கெட்டிக்காரப் பிள்ளை அதையும் வாசித்துவிடும். ஈரத்துணி போட்டுத் துடையும். ஒன்றும் மிஞ்ச வேண்டாம்.

சாப்பாட்டு விஷயம் எழுதியிருந்தீர். சரிதான்.

சிவக்கொழுந்து


ஹெந்தளை
14.07.2008

மாமிக்கு,

முடிந்தது.

முதலில் பணம் கட்டும் வழியை மூடினேன். பிறகு பொருட்களை எடுத்தேன், மெனுவில் இருந்த "கடை"யை எடுத்தேன், கடைசியாகச் சேர்க்கையையே கழற்றினேன். "தரவுகளையும் சேர்த்து அழிக்கவா?" என்று கேட்டது. ஆம் என்றேன். ஓடர் பட்டியல் இப்போது எங்கேயும் இல்லை.

"வாங்க" பொத்தானை நூற்று நாற்பத்து மூன்று இடத்தில் போய் எடுக்க என்னால் முடியவில்லை. ஒவ்வொரு குறிப்பையும் திறந்தால் வாசிக்க வேண்டிவரும். மூன்றுக்கு மேல் முடியவில்லை மாமி. அதனால் தளம் முழுவதும் அந்தச் சொல்லைத் தேடி நீக்கு என்று ஒரே கட்டளை கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

பக்கங்களை அச்சடித்து வைத்திருக்கிறேன். கடை இல்லை என்று அந்த அதிகாரிக்குக் காட்டலாம். அவர் ஏதும் சொன்னால் உடனே எழுதுங்கள். தந்தி அடித்தாலும் பரவாயில்லை.

ஜெகா


வெள்ளவத்தை
19.07.2008

ஜெகா,

அதிகாரி தாள்களை வாங்கிப் பார்த்தார். "நல்லது" என்றார். அடுத்த கிழமைக்குப் பிறகு வரச் சொன்னார். அவன் உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் கேட்டேன். கோப்பை மூடிக்கொண்டு, "கோயிலுக்குப் போங்கள் அம்மா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று பஸ்ஸில் வரும்வரை யோசித்தேன். நல்ல அர்த்தம் ஒன்றும், கெட்ட அர்த்தம் ஒன்றும் இருக்கிறது.

காலி வீதியில் இறங்கி, ஹாஷிமின் கொம்யூனிகேஷன் கடைக் கணினியில் தளத்தைத் திறக்கச் சொன்னேன். குறிப்புகள் இருந்தன. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதலாவதை வாசித்தேன். உனக்கு அப்படியே எழுதுகிறேன்:

"லொட்ஜின் மூன்றாம் மாடி. கதவைத் திறந்த அம்மா, '◌ோ தம்பி, ◌ோ' என்றார். கேக் வைக்க மேசையில் இடம் இல்லை. எல்லாம் வீசாக் கடதாசி."

மெசினில் பிழை என்று நினைத்தேன். ஹாஷிம் எழுத்துருவை மாற்றிப் பார்த்தார், மாறவில்லை. அடுத்த குறிப்பு: "கையில் ◌ியதும் அழத் தொடங்கினார்." அதற்கடுத்தது: "உள்ளுக்கு ◌ோ பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்." நாலாவதில்தான் எனக்குப் பிடிபட்டது. நீ "வாங்க" என்பதை அழிக்கச் சொன்னாய். அது "வாங்கோ" வையும் "வாங்கி" யையும் விடவில்லை. தலையை வெட்டிவிட்டுக் கொம்பையும் விசிறியையும் விட்டுவிட்டது. பிடிக்க ஒரு எழுத்து இல்லாமல் அவை ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

அவன் போன ஒவ்வொரு வீட்டிலும் முதலில் கேட்ட சொல் அதுதானே. வேறு எதைச் சொல்லிக் கதவைத் திறப்பார்கள்?

நீ பதற வேண்டாம். இது கீறிட்ட இடம் நிரப்புகிற பயிற்சிதான். முப்பத்தொரு வருடம் நான் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. வால் மிஞ்சியிருப்பதால் தலை என்னவென்று தெரியும். அச்செடுத்து வந்து திருத்திக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் வால் இல்லாத இடங்களும் இருக்கின்றன. "வாங்க" என்றே முடிந்தவை. அங்கே புள்ளி வட்டமும் இல்லை, இடைவெளியும் இல்லை. வசனம் ஒன்றும் நடக்காத மாதிரிப் போகிறது. ஓரிடத்தில், "அம்மாவுக்குக் கண்ணாடி வேண்டும்" என்றிருக்கிறது. வாங்க வேண்டும் என்று எழுதினானா, வேண்டும் என்று மட்டும்தான் எழுதினானா? எனக்குத் தெரியாது. அவனைத்தான் கேட்க வேண்டும்.

இன்னும் ஒன்று. கடைசிக் குறிப்பின் கீழ் ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள், நினைவிருக்கிறதா? கொட்டாஞ்சேனை நளீபா, டோஹாவில் இருக்கிற மகன் அனுப்புகிற பால்மாவை யோகன் கையால் வாங்குகிற மனிசி, மகளைக் கொண்டு எழுதுவித்திருந்தார். நான் அதை மனப்பாடமாக வைத்திருந்தேன்: "மகன், எங்க இருந்தாலும் திரும்பி வாங்க." இப்போது, "மகன், எங்க இருந்தாலும் திரும்பி" என்று நிற்கிறது.

ஒன்பதில் ஆறு பேர் அந்தச் சொல்லால்தான் முடித்திருந்தார்கள்.

மாமி


ஹெந்தளை
24.07.2008

மாமி,

நான் பார்த்தேன். உங்கள் கடிதம் வந்த உடனே திறந்து பார்த்தேன்.

பழைய பிரதி ஒன்றும் என்னிடம் இல்லை. பிரதி இருந்த கணினியைத்தான், அவர் காணாமற்போன பிறகு வீட்டைச் சோதிக்க வந்தவர்கள் கொண்டுபோனார்கள். வேலை தொடங்க முன்பு ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். இந்தத் தொழிலில் முதற்பாடம் அது. நான் எடுக்கவில்லை. அழித்துவிட்டால் அவரை விடுவார்கள் என்ற ஒரே நினைப்பு.

நீங்கள் திருத்தியதை அனுப்புங்கள். ஒவ்வொன்றாக நானே கையால் போடுகிறேன். வாசிக்க மாட்டேன் என்று எழுதினேன் அல்லவா, நேற்றிலிருந்து வாசிக்கிறேன். முப்பத்தெட்டாவது குறிப்பில் நீங்கள் வருகிறீர்கள். "எங்கள் வீட்டு டீச்சர் நான் எழுதுவதில் சந்திப்பிழை பார்த்த பிறகுதான் கதையைப் பார்ப்பார்" என்று.

ஆறு பேரின் கருத்தையும் திருத்திவிட்டேன். மற்றவர்கள் எழுதியதைத் தொடலாமா என்று யோசித்தேன். பிறகு தொட்டேன்.

ஜெகா


வெள்ளவத்தை
02.08.2008

ஜெகா,

திருத்திய தாள்கள் எண்பது இதோடு வருகின்றன. மிச்சம் அடுத்த தபாலில்.

அந்த அலுவலகத்துக்கு நேற்றுப் போனேன். கதிரையில் வேறு ஒருவர் இருந்தார். முந்தியவர் மாற்றலாகிப் போய்விட்டாராம். யோகநாதன் என்ற பெயரில் தாங்கள் ஒருவரையும் பிடிக்கவில்லை, அப்படி ஒரு கோப்பே இல்லை என்றார். கடையை எடுக்கச் சொன்னார்களே என்றேன். "எந்தக் கடை?" என்று கேட்டார். அவர் நடிக்கவில்லை, ஜெகா. நடிக்கிற பிள்ளையை எனக்குத் தெரியும். அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

அங்கிருந்து நேரே புதுக்கடை நீதிமன்றப் பக்கம் போய்ச் சட்டத்தரணி புவாத்தைப் பார்த்தேன். ஆட்கொணர்வு மனு போடலாம் என்கிறார். எல்லாவற்றையும் ஆறுதலாகக் கேட்டு எழுதினார். பிறகு பேனையை வைத்துவிட்டு, "டீச்சர், அண்டைக்கு அவர் கொண்டுபோன ஓடரை யார் குடுத்தது? என்ன விலாசம்? எத்தனை மணிக்கு வந்தது?" என்று கேட்டார்.

பட்டியலை அழித்துவிட்டோம் என்றேன். அவர் எழுதிய தாளை மேலிருந்து திரும்பவும் பார்த்தார். அவனை அந்த நேரத்துக்கு அந்தத் தெருவுக்கு வரவழைத்தது அந்த ஓடராக இருக்கலாம், அது ஒன்றுதான் நூல்முனை என்று பிறகு மெதுவாகச் சொன்னார்.

அழிக்கச் சொன்னது நான். ஈரத்துணி என்று உதாரணமும் காட்டினேன். நீ பழியை எடுத்துக்கொள்ளாதே.

உனக்கு நினைவில் இருப்பதை எழுது. தலையும் வாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மாமி


ஹெந்தளை
07.08.2008

மாமி,

நினைவில் இருப்பது இவ்வளவுதான். பகல் ஒரு மணி போல் வந்த ஓடர். ஒரு கிலோ சொக்கலேட் கேக். அனுப்பியவர் பெயர் சுகந்தினி என்றோ சுகந்தி என்றோ இருந்தது. நாடு இங்கிலாந்து. பெறுபவர் தாய். கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கை, இலக்கம் 41 அல்லது 14. நேற்று நானும் அப்பாவும் அங்கே போனோம். அந்த ஒழுங்கை இருபத்தாறோடு முடிகிறது. பதினான்கில் ஒரு தச்சுப் பட்டறை. அங்கே ஒரு தாயும் இல்லை.

ஒருவருக்கும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

ஓடர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. "அன்றே வேண்டும்" என்றால் அதில் சரி போடலாம். ஏப்ரலில் நான் புதிதாகச் சேர்த்தது. வேண்டாம், கொழும்பில் எந்த வீதி எப்போது மூடுவார்கள் என்று சொல்ல முடியாது என்று அவர் தடுத்தார். மற்றத் தளங்களில் இருக்கிறது, இல்லாவிட்டால் சனம் வராது என்று போட்டேன். அந்த ஓடரில் அந்தப் பெட்டியில் சரி போட்டிருந்தார்கள்.

இரண்டு மணிக்குப் பேக்கரியில் கேக்கை எடுத்து வந்தார். வெயிலில் வந்து தலையிடி. "நாளைக்குக் குடுப்பம் ஜெகா" என்றார். "அண்டைக்கே எண்டு கேட்டிருக்கினம். குடுக்கேலாட்டி ஏன் கடை வச்சிருக்கிறம்?" என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன். தலை துவட்டிக்கொண்டு வந்தபோது அவரும் இல்லை, கேக்கும் இல்லை.

என்னுடைய அந்த வாய்க்குத்தான் போனார். கடை தின்றது என்று நீங்கள் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது, நீங்கள் பொய் சொன்னதால் இல்லை.

புவாத்திடம் இதைச் சொல்லுங்கள். எழுதிக் கையொப்பம் வைக்கச் சொன்னால் வைக்கிறேன்.

ஜெகா


வெள்ளவத்தை
11.08.2008

என் பிள்ளை ஜெகாவுக்கு,

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் புவாத்தின் அலுவலகத்துக்கு வா. அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் மறக்காதே. பேலியகொடைப் பாலத்தில் இறக்கிச் சோதிக்கிறார்களாம். ஆகவே வேளைக்கே வெளிக்கிடு. சத்தியக் கடதாசி இரண்டு எழுத வேண்டும். ஒன்று நீ எழுதுவது. மற்றது நான் எழுதுவது. உன்னுடையதைப் புவாத் வாசிக்க முன்பு, என்னுடையதை நீ வாசிக்க வேண்டும். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நீ குளிக்கப் போன பிறகு யோகன் போகவில்லை. உன்னுடைய சொல்லுக்கு அவன் போகவில்லை, ஜெகா. அவன் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டான். சப்பாத்தைக் கழற்றினான். கேக்கைப் பெட்டியோடு ஃப்ரிட்ஜுக்குள் வைத்தான். குசினிக்குள் வந்து தண்ணீர் குடித்தான். அவ ஒரு ஆறு மணி வரைக்கும் மூஞ்சியை நீட்டிக்கொண்டிருப்பா, பிறகு சரிவருவா, நாளைக்குக் காலமை வெயிலுக்கு முந்திக் குடுத்திட்டு வாறன் என்று என்னிடம் சொன்னான்.

நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். ஓமென்று சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. யாரோ ஒரு தாய் பிறந்தநாளும் அதுவுமாகக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள், இன்றைக்கென்று ஏற்றுக்கொண்டதை நாளைக்கென்று தள்ளுகிற பழக்கத்தை நான் உனக்குப் படிப்பிக்கவில்லை என்றேன். வகுப்பில் கதைக்கிற குரலில் சொன்னேன். கையைக் கழுவிவிட்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து, அந்தப் பெட்டியை எடுத்து நானே அவன் கையில் கொடுத்தேன்.

பொலிசுக்கு இதைச் சொல்லவில்லை. புவாத்துக்குச் சொல்லவில்லை. நீ குளித்துவிட்டு வந்து அவர் எங்கே என்று கேட்டபோது, "உன்ர ஓடருக்குத்தான்" என்றேன். பிறகு உன்னுடைய கடை என்றேன். எண்பத்திரண்டு நாளாக அதை உன்னுடைய தலையில் வைத்துவிட்டு, நான் சோறு சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன், எழுத்துப்பிழை திருத்தினேன்.

இதை வாசித்த பிறகு நீ வராவிட்டாலும் உன்னுடைய பங்கைப் புவாத்திடம் நான் சொல்ல மாட்டேன். என்னுடையது போதும்.

அவன் கேக் பெட்டியைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றான். குளிரில் கை மாற்றிப் பிடித்தான். என்னோடு கோபம் வந்தால் மட்டும் அவன் என்னை அம்மா என்று கூப்பிடுவதில்லை. அது உனக்கும் தெரியும். பெட்டியை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து சப்பாத்தைத் திரும்பவும் போட்டான். "சரி டீச்சர்" என்றான்.

சிவக்கொழுந்து